உம் கொட்டும் வீடுகள்

"மாத்திரையை மறந்தாலும் மறங்க, தண்ணியை மட்டும் விட்டுடாதீங்க" என்றாள் டாக்டர்.

சின்ன வயது டாக்டர். முகம் சுளிக்காமல் இஸ்ரவேலின் வலது காலைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வருஷக்கணக்காக உப்பளத்தில் நின்று உப்பு வாரிய கால் அது. பாதம் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு, போதாக்குறைக்குச் சர்க்கரை வியாதி. கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண் கறுக்க ஆரம்பித்திருந்தது.

"இனிமே அளத்துப் பக்கமே போகக் கூடாது. பகல்ல மூணு நாலு தடவையாவது குழாயைத் திறந்துவிட்டு, ஓடுற நல்ல தண்ணியில காலைக் காட்டுங்க. புண்ணு சுத்தமா இருந்தா ஆறிடும். காலைக் காப்பாத்திடலாம். இல்லேன்னா..." டாக்டர் முழங்காலுக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

இஸ்ரவேலின் மனைவி பாக்கியசீலி சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றாள். "தண்ணிக்கு எங்கம்மா போவ? ராத்திரி கொஞ்ச நேரம் வரும். அது குடிக்கவும் பொங்கவுமே பத்த மாட்டேங்கு. பகல்ல போரிங் தண்ணிதான். அது அளத்துத் தண்ணியவிடக் கரிக்கும்."

"என்ன மைனி பேசுதீங்க?" என்று சீறினாள் பக்கத்தில் நின்ற ஜெபக்கனி. இஸ்ரவேலின் தங்கை. கீழமுத்தாபுரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்ட் பொறியாளர். "ஒங்க காலனிக்குன்னு ஒரு லைனே ஓடுது. பகல் பூரா தண்ணி போவணுமே!"

"நீங்க விட்டிருப்பீங்க ஜெபா. எங்களுக்கு வரலையே" என்றாள் பாக்கியசீலி. குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் ஜெபக்கனியும் பதிலுக்குக் கத்திவிட்டுப் போயிருப்பாள். அது இல்லாததுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று ஆலைக்குப் போனதும் பையைக்கூட வைக்காமல் விநியோகத் திரையைத் திறந்தாள். அவள் பொறுப்பு கடலிலிருந்து நீரை உறிஞ்சும் பக்கம். ஊருக்குக் கொடுக்கும் பக்கத்தை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டது. மாப்பிள்ளை என்பது ஆள் அல்ல, ஆலையை ஓட்டும் மென்பொருள். அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. ஆனால் கேட்டதைக் கொடுக்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது, கோபித்துக்கொண்டால் வீடே கலங்கும் என்பதால் ஆலையில் எல்லோருக்கும் அது மாப்பிள்ளைதான்.

மாப்பிள்ளையின் வேலை இதுதான். கடல்நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்தித் தள்ளினால் நல்ல தண்ணீர் இந்தப் பக்கம் வரும், அழுக்கு அந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அழுக்கை அவ்வப்போது கழுவ வேண்டும். சும்மா தண்ணீரைப் பின்பக்கமாக அடித்துக் கழுவுவது சில நிமிஷ வேலை. மருந்தில் ஊறவைத்துக் கழுவுவது அரைநாள் வேலை. கழுவாமல் விட்டால் சவ்வு அடைத்துப் போகும், ஓயாமல் கழுவினால் தேய்ந்து போகும். எப்போது கழுவுவது என்பதில்தான் முழு சாமர்த்தியமும். முன்பெல்லாம் முறைவைத்துக் கழுவினார்கள். ஆலையில் நான்கு வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் ஊரில் ஒரு பகுதி. இன்றைக்கு உங்கள் பகுதிக்குத் தண்ணீர் இல்லை என்றால் நாளைக்கு எங்கள் பகுதிக்கு இல்லை. மாப்பிள்ளை வந்த பிறகு அந்த முறை ஒழிந்தது.

திரையில் நான்காம் வரிசை பச்சையாக இருந்தது. அண்ணன் வீடு இருக்கும் மணல்மேட்டுக் காலனியின் வரிசை. அன்றைக்கு மட்டுமல்ல, முந்தின நாளும், அதற்கு முந்தின நாளும் பச்சை. பச்சைக்குள் வெள்ளை எழுத்தில், 'சம்மதத்துடன் நிறுத்தம்.'

அதைப் பார்த்ததும் ஜெபக்கனிக்கு முதலில் கோபம் வந்தது காலனிக்காரர்கள் மேல்தான். தண்ணீருக்காக ஊர் ஊராக நடந்த கலவரங்களுக்குப் பிறகு, மக்கள் சம்மதம் இல்லாமல் யாருடைய தண்ணீரையும் நிறுத்தக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. கழுவுவதற்கு முன் மாப்பிள்ளை அந்தப் பகுதியில் தானே பொறுக்கிய சில வீடுகளுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். கேட்ட வீடுகளில் பாதிக்கு மேல் சரி என்றால்தான் நிறுத்தலாம். முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதைச் சொல்லக்கூட வாய் இல்லையா இந்த ஜனங்களுக்கு? அண்ணன் கால் அழுகுகிறது, மைனி தினமும் சம்மதம் கொடுக்கிறாளா?

ஷிப்ட் முடிந்ததும் நேராகக் காலனிக்குப் போனாள்.

"யாரு சம்மதம் சொன்னது?" என்று வாசலிலிருந்தே கத்தினாள். இரண்டு வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "தண்ணிய நிப்பாட்டுங்கன்னு ஒங்கள்ல யாரு சொன்னது?"

"நாங்க எதுக்குட்டி சொல்லுதோம்? எங்களுக்கு என்ன கிறுக்கா?" என்றார் கட்டிலில் படுத்திருந்த இஸ்ரவேல்.

"அப்போ தினமும் ஒரு போன் வருமே, அதுல என்ன சொல்லுதீங்க?"

"போனா? அந்தப் பிள்ளையா?" பாக்கியசீலியின் முகம் மலர்ந்தது. "அது தங்கமான பிள்ளைலா. சவ்வு, கழுவுததுன்னு என்னமோ சொல்லும். நமக்கு என்ன புரியுது? தினம் காலையில கூப்பிட்டுரும். பேச்சை முறிக்க மனசே வராது."

மறுநாள் காலையில் ஜெபக்கனி அங்கேயே காத்திருந்தாள். போன் வந்தது. பாக்கியசீலி எடுத்து, நாத்தனாரும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினாள்.

"அக்கா, நல்லாருக்கீங்களா?" இனிமையான குரல், அப்படியே ஊர்ப் பேச்சு. ஆலையில் முதல்முதலாகப் பதிவு செய்த விறைப்பான அறிவிப்பு அல்ல இது. "அண்ணாச்சிக்குக் கால் தேவலையா?"

குரல் நிறுத்தியது.

"ம்" என்றாள் பாக்கியசீலி.

"பாவம், வெயில்ல நின்ன காலுலா." நிறுத்தியது.

"ம்."

"இன்னைக்கும் நம்ம லைன்ல சவ்வு கழுவ வேண்டியிருக்கு அக்கா. இருட்டுத வரைக்கும் தண்ணி நிக்கும், கேட்டீங்களா?" நிறுத்தியது.

"ம்."

"ரொம்ப நன்றிக்கா. ஒடம்பப் பாத்துக்கோங்க."

ஜெபக்கனியின் கைப்பேசியில் விநியோகத் திரை திறந்தே இருந்தது. நான்காம் வரிசை மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியது.

ஜெபக்கனி மைனியிடம் திரும்பினாள். "கால் புண்ணு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நா வீட்டுல எல்லாரும் சொவமான்னு கேட்டுச்சு. சொன்னேன்." பாக்கியசீலி தயங்கினாள். "நம்மள யாரு ஜெபா அப்படிக் கேக்கா?"

ஜெபக்கனி குடியிருந்தது ஆலைக் குடியிருப்பில். அதுவும் பங்களாத் தெருவும் முதல் வரிசை. அவளுக்கும் இந்தப் போன் வந்திருக்கிறது. "வணக்கம்" என்றதுமே வெட்டிவிடுவாள். அங்கே எல்லோரும் அப்படித்தான். அதனால் அங்கே யாரும் சம்மதித்ததே இல்லை, தண்ணீர் நின்றதும் இல்லை. ஒருவர் பேசும்போது உம் கொட்டிக் கேட்பவர்கள் வீட்டில்தான் குழாய் காற்றைக் கக்கியது. ஜெபக்கனி வண்டியை எடுத்து ஆலைக்குப் போன வேகத்தில் ஹெல்மெட் போட மறந்துவிட்டாள்.

மேலாளர் சபேசன் மரியாதையானவர், யாரையும் கத்திப் பேசாதவர். அவர் அறையில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"'ம்'னா சம்மதம்னு யார் சார் சொன்னது?"

"வாய்மொழிச் சம்மதம் போதும்னு சட்டத்துல இருக்கும்மா. எதெல்லாம் வாய்மொழிச் சம்மதம்னு மொழி நிபுணரைக் கேட்டுத்தான் முடிவு பண்ணினோம். 'சரி', 'ஆமா', 'ம்'."

"அந்த நிபுணர் வீட்டுல யாரும் யார்கிட்டயும் பேசுறதே கிடையாதா? 'ம்'னா 'கேட்டுக்கிட்டிருக்கேன், மேல சொல்லு'ன்னு அர்த்தம் சார். எழவு சேதி சொன்னாலும் 'ம்'னுதான் கேப்போம். அதுக்காக அவர் செத்தது எங்களுக்குச் சம்மதம்னு ஆயிருமா?"

சபேசன் புன்னகைத்தார். "கோபப்படாதீங்க. மத்த மூணு லைன்ல கேட்டா ஒருத்தரும் முழுசாக் காது கொடுக்கறதில்ல. வெச்சிடறாங்க. அப்போ அது என்ன செய்யும்? சம்மதம் கிடைக்கிற இடத்துலதானே கழுவ முடியும்?"

"கழுவுறது மட்டுமா சார்? எப்படியும் அங்கதான் கழுவப் போறோம்னு, மத்த லைனோட பாரத்தையும் நாலாவது லைன் தலையில கட்டுது. நேத்து ராத்திரி முழுக்க உக்காந்து அழுத்தக் கணக்கைப் பாத்தேன். ராத்திரி அங்க உற்பத்தியாகுற தண்ணியிலயும் பாதி பங்களாத் தெருவுக்குப் போகுது. அழுக்கு மட்டும் காலனிக்காரன் கணக்குல."

"ஆனா பலன் என்ன? நாலு வருஷத்துல மாத்த வேண்டிய சவ்வு இப்போ ஏழு வருஷம் உழைக்குது. இவ்வளவு அழகாக் கழுவுற ஆலை வேற எங்கயும் கிடையாது."

"அழகாத்தான் கழுவுது. கழுவிக் கழுவி யார் வீட்டுல ஊத்துதுன்னுதான் கேக்கறேன்."

"அது பேசுற விதத்தைக்கூட நாங்க யாரும் சொல்லிக் கொடுக்கல. எப்படிப் பேசினா ஜனங்க பொறுமையாக் கேக்கறாங்கன்னு அதுவாவே கத்துக்கிட்டது" என்றார் சபேசன், தன் பிள்ளையின் சாமர்த்தியத்தைச் சொல்பவர்போல. ஜெபக்கனி எழுந்துவிட்டாள். 'ம்' என்பதைச் சம்மதக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதும்படி அவர் சொன்னார். பதில் வரச் சில மாதம் ஆகுமாம். கதவருகே போனவளைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் வீட்டுக்கு வேணும்னா ஒரு லாரித் தண்ணி அனுப்பறேன்" என்றார்.

"அனுப்புங்க. அதை வாங்கிக்கிட்டு வாயை மூடிருவேன்னு மட்டும் நினைக்காதீங்க."

லாரி வந்தது. தெருமுனையிலேயே குடங்கள் சூழ்ந்துகொண்டன. இஸ்ரவேல் வீட்டு வாசலுக்கு வரும்போது அடித்தண்ணீர் இரண்டு வாளிதான் மிச்சம். "எல்லார் வீட்டுத் தண்ணியும்தான கரிக்கு" என்றார் அண்ணன். அவரையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தாள் ஜெபக்கனி.

அன்று சாயந்திரமே காலனிப் பெண்களைக் குழாயடியில் கூட்டிவைத்துச் சொன்னாள். போன் வந்தால் வெட்டிவிடுங்கள். வெட்ட மனசு வரவில்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள். 'ம்' மட்டும் கூடவே கூடாது.

"பேசுத பிள்ளைட்ட பதிலுக்கு ஒண்ணுமே சொல்லாம இருந்தா, கேக்கோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஒருத்தி.

"தெரியக் கூடாதுன்னுதான் சொல்லுதேன்!"

லேசில் முடியவில்லை. சொல்லிக்கொடுத்த இடத்திலேயே ஜெபக்கனி பேசப் பேச எல்லோரும் "ம், ம்" என்றார்கள். அப்புறம் தங்களுக்குள் சிரித்தார்கள். கடைசியில் பாக்கியசீலிதான் வழி கண்டுபிடித்தாள். வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை அடக்கிக்கொண்டு போனை எடுப்பது. அந்தத் தெருவில் தண்ணீரை அப்படிச் செலவழிப்பது கொழுப்புதான். ஆனால் பலித்தது. மறுநாள் நான்காம் வரிசை மஞ்சளிலேயே நின்றது. பகலில் குழாய் ஓடியது. குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து இஸ்ரவேல் காலை நீட்டினார். அந்த வாரக் கடைசியில் புண்ணைப் பார்த்த டாக்டர், ஓரத்தில் சிவப்பு ஏறுகிறது, நல்ல சதை, ஆறும்வரை வலி கடுக்கத்தான் செய்யும், இப்படியே கழுவுங்கள் என்றாள். ஜெபக்கனி அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

வாரம் திரும்பியதும் தண்ணீர் நின்றது.

முதல் நாள் பம்ப் பழுதாக இருக்கும் என்று நினைத்தார்கள். ஜெபக்கனியை ஆலையிலிருந்து ஏதோ பயிற்சிக்கென்று மதுரைக்கு அனுப்பியிருந்தார்கள். பாக்கியசீலி போனைப் புருஷனிடம் விட்டுவிட்டு, அவருக்குப் பதில் அளத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், பகலில் வீட்டில் இல்லை. குழாய் வறண்டதும் இஸ்ரவேல் பழக்க தோஷத்தில் போரிங் தண்ணீரை எடுத்துக் காலில் ஊற்றினார். ஜெபக்கனி திரும்பி வந்தபோது கணுக்கால் வரை வீங்கிப் பளபளவென்று இருந்தது. காய்ச்சலில் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் அன்று விரலால் இழுத்த கோட்டில் வெட்டினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த பாக்கியசீலி, "நான் 'ம்' சொல்லல ஜெபா. தெருவுல யாருமே சொல்லல. சத்தியமா" என்றாள், தானே குற்றவாளி போல.

மறுநாள் மத்தியான ஷிப்டில் ஜெபக்கனி சம்மதப் பதிவுகளைத் திறந்தாள். சட்டப்படி ஒவ்வொரு சம்மதத்தின் ஒலியும் ஆலையில் இருக்க வேண்டும். நிறுத்தம் தொடங்கிய நாளின் முதல் பதிவு, இஸ்ரவேல் வீட்டு எண்.

"அண்ணாச்சி, கால் ரொம்பக் கடுக்கா?"

"ம்ம்ம்..."

அது பதில் இல்லை, முனகல். வாயைத் திறக்கக் கூடாது என்று அண்ணனுக்குத் தெரியும். பற்களைக் கடித்துக்கொண்டிருப்பது சத்தத்திலேயே கேட்டது. கடித்த பற்களுக்குள்ளிருந்துதான் அது வந்தது.

"ராத்திரி தூக்கமும் இல்லையோ?"

"ம்ம்..."

"இன்னைக்கு நம்ம லைனைக் கழுவணும் அண்ணாச்சி." மாப்பிள்ளை காத்திருந்தது. வலி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வரும்வரை காத்திருந்தது.

"ம்ம்ம்ம்..."

"ரொம்ப நன்றி அண்ணாச்சி."

அடுத்த பதிவு, முட்டு வீங்கிக் கிடக்கும் ஒரு கிழவர். அதற்கடுத்தது, இழுப்பு நோய்க்காரி. அப்புறம் இடுப்புவலி கண்டிருந்த ஒரு பிள்ளைத்தாச்சி. தெரு வாயை மூடிக்கொண்டதும் மாப்பிள்ளை ஒவ்வொரு வீடாக முயன்று பார்த்து, மூட முடியாத வாய்களைத் தேடிப் பிடித்திருந்தது. அதற்குக் கெட்ட எண்ணம் கிடையாது. நல்ல எண்ணமும் கிடையாது. அதுதான் ஜெபக்கனிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. காறித் துப்பினால் கண்ணாடித் திரையில் வழியும், அவ்வளவுதான். ஆனால் அதைக் கொண்டுவந்து வைத்தவருக்கு முகம் இருந்தது, போன் நம்பர் இருந்தது.

கட்டுப்பாட்டு அறைப் போனிலிருந்து சபேசனைக் கூப்பிட்டாள். அவர் தலைமை அலுவலகத்தில் ஏதோ கூட்டத்தின் நடுவில் இருந்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார் தணிந்த குரலில். பின்னால் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க அண்ணனுக்குக் காலை எடுத்துட்டாங்க சார்."

"அடடா... ம்."

"அவர் வலியில முனகினதைச் சம்மதம்னு எழுதிவெச்சிருக்கு. போடறேன், கேளுங்க." பதிவை ஓடவிட்டாள். முழுக்க ஓடவிட்டாள். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "கேட்டீங்களா சார்?"

"ம்."

கேட்கவில்லை. அவர் காது அங்கே கூட்டத்தில் இருந்தது. கத்தலாம் என்று ஜெபக்கனி வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து, அவளே எதிர்பாராமல், மெதுவான, இனிமையான குரல் வந்தது.

"வேலை அதிகமோ சார்?"

"ம்."

"மாப்பிள்ளையை நிறுத்திட்டு, ஆலையைக் கையால ஓட்டப் போறேன் சார். பழையபடி முறைவெச்சுத்தான் கழுவப் போறேன். இன்னைக்கு முதல் லைன்." நிறுத்தினாள். காத்திருந்தாள்.

"ம்... ம்" என்றார் சபேசன்.

"ரொம்ப நன்றி சார்."

மாப்பிள்ளையை நிறுத்த மேலாளரின் சம்மதம் வேண்டும். சம்மதமா இல்லையா என்று தீர்மானிப்பதும் மாப்பிள்ளைதான், கட்டுப்பாட்டு அறையின் எல்லாப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பதும் அதுதான். அது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. திரை முழுக்கப் பச்சையானது. 'மேலாளரின் சம்மதம் பெறப்பட்டது. கட்டுப்பாடு ஷிப்ட் பொறியாளரிடம் ஒப்படைக்கப்படுகிறது.'

ஜெபக்கனி முதல் வரிசையை மூடி, மருந்துத் தொட்டியைத் திறந்துவிட்டாள். நான்காம் வரிசையின் பாரத்தை இறக்கி, அதன் தண்ணீர் முழுவதையும் காலனிக்குத் திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் பங்களாத் தெருவிலிருந்து போன்கள் அலற ஆரம்பித்தன. "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்று ஒருவர் கத்தினார். "மேனேஜரைக் கேட்டுத்தான். பதிவு இருக்கு, வந்து கேளுங்க" என்று சொல்லி வைத்தாள். வேலை போகும் என்று தெரியும். போகட்டும். சபேசனே வந்து 'ம்' என்றால் சம்மதம் இல்லை என்று விசாரணையில் சொல்லட்டும். அதைத்தான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்து அடித்தது அவளுடைய சொந்தப் போன். பாக்கியசீலி. மாற்றுச் சேலை எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் பலமாகக் கேட்டது.

"ஜெபா, தண்ணி வருது. பட்டப்பகல்ல வருது. வாளி நெறஞ்சி வழியுது."

"நல்லாப் பிடிச்சி வையுங்க மைனி. இனி வரும்."

பாக்கியசீலி குழாயை மூடினாள்.

"வந்து என்ன செய்ய? எந்தக் காலக் கழுவ?" என்றாள்.